தூண்டிலும் ஒரு பாடநூல்

ராசாவில் வாழும் தமிழ் மாணவன் ஒருவனை நிறுத்தி, "மருத நிலத்து மீன்கள் யாவை?" என்று கேளுங்கள். வாளை, வரால், கெண்டை, அயிரை என்று தயங்காமல் ஒப்புவிப்பான். தேர்வுக்குரிய விடை அது. அடுத்து, "உன் ஊர் வழியே ஓடும் லிங்கி ஆற்றில் என்ன மீன் உண்டு?" என்று கேளுங்கள். அவன் விழிப்பான், கேட்ட ஆசிரியரும் விழிப்பார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் காவிரியிலும் வையையிலும் துள்ளிய மீன்களை அறிந்த நாம், இன்று காலையில் கடந்து வந்த பாலத்தின் கீழே நீந்திய மீனை அறியோம். இதனை நான் குறை என்று சொல்லவில்லை. குற்றம் என்றே சொல்கிறேன்.

இக்குற்றத்துக்குக் கழுவாயாக நான் முன்வைப்பது சிலருக்கு நகைப்பை ஊட்டலாம். இடைநிலைப் பள்ளியை எட்டிய நம் மாணவர்க்கும் மாணவியர்க்கும் ஈத்தூண்டில் பழக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஈத்தூண்டில் என்பது ஆங்கிலேயர் 'ஃபிளை ஃபிஷிங்' என்று வழங்குவது. புழுத் தூண்டிலில் இரைக்கு எடை உண்டு. ஈயக் குண்டும் சேர்த்து எறிந்தால் அது தானே சென்று விழும். ஈத்தூண்டிலின் இரையோ கொக்கியின்மேல் இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. அதற்கு எடை இல்லை. எறிந்தால் காலடியிலேயே விழும். எனவே கயிற்றைச் சற்றுக் கனமாகச் செய்து, கோலைப் பின்னும் முன்னும் வீசி, கயிறு காற்றில் நீண்டு விரியும்போது அதன் நுனியில் பொய்ப்பூச்சியை நீர்மேல் இறக்குகிறார்கள். வலிமையால் வருவதன்று இக்கலை. பின்வீச்சில் கயிறு முழுதும் நீளும்வரை பொறுத்திருக்கும் பொறுமையால் வருவது.

"அது துரைமாரின் விளையாட்டு, கூலிக்காரன் பேரனுக்கு எதற்கு?" என்பார் உளர். அவர்களுடைய ஐயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் நீலகிரி மலைக்கும் இலங்கையின் நுவரெலியா மலைக்கும் வெள்ளையர் தம் நாட்டுக் குளிர்நீர் மீனாகிய டிரவுட்டைக் கொண்டுவர அரும்பாடு பட்டனர். தேயிலைக் காட்டில் நம்மவர் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த அதே மலைகளில், ஓய்வு நேரத்தில் துரை தன் தாயகத்து மீனைப் பிடித்து மகிழ வேண்டும் அன்றோ! இந்த வரலாற்றை நான் மறைக்கவில்லை. ஆனால் அது இக்கலையின் தொடக்கமன்று.

ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்னும் எழுத்தாளர், மாசிடோனிய நாட்டு ஆற்றங்கரை மக்கள் கொக்கியில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இறகு இரண்டைச் சேர்த்து, ஆறடிக் கோலால் மீன் பிடித்ததை எழுதி வைத்தார். ஜப்பானிய மலைவாழ் மக்கள் 'டென்காரா' என்ற பெயரில் பழகிவரும் முறையில் கயிறு சுற்றும் உருளையே கிடையாது. கோலின் நுனியிலேயே கயிற்றைக் கட்டிவிடுவர். இப்போது நம் தோட்டத்து லயங்களை நினைத்துப் பாருங்கள். மூங்கில் கழி, நுனியில் கட்டிய நரம்பு, அதன் முனையில் கொக்கி! நம் பாட்டனார் கையில் இருந்தது அதே கோல்தான். இறகு ஒன்றுதான் குறைவு. அதையும் நம் கோழிக் கூண்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பூச்சி கட்டுவதற்கு உலகம் முழுவதும் விரும்பப்படுவது சேவலின் கழுத்து இறகே. துரையிடமிருந்து நாம் எதையும் இரவல் வாங்க வேண்டியதில்லை.

"இது குளிர்நாட்டுக் கலை, நம் வெந்நீர் ஆற்றில் நடவாது" என்பது அடுத்த மறுப்பு. அக்கூற்றைப் பொய்யாக்கும் சான்று நம் தமிழகத்தோடு தொடர்புடையது. சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த எச். எஸ். தாமஸ் என்பவர் 1873ஆம் ஆண்டிலேயே 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலை வெளியிட்டு, டிரவுட் இல்லாத இந்திய ஆறுகளிலும் தூண்டில் கலைக்கு இடமுண்டு என்று காட்டினார். அவர் விரித்துப் பேசிய மஹசீர் மீனின் இனத்தைச் சேர்ந்ததே பகாங் ஆறுகளில் வாழும் நம் கெலா. சிறு மீனைத் துரத்தி வேட்டையாடும் செபாராவ், சிறு மீன் போலக் கட்டிய இறகை விடாது. தவளை போல நீர்மேல் துடிக்கும் பொய்யிரையைக் கண்டால் வரால் பாய்ந்து கவ்வும். லாம்பாம் நீரில் விழும் பழத்தையும் பூவையும் தின்பது. அவற்றைப் போலக் கட்டினால் அதுவும் வரும். மலாய்க்காரர் ஹாருவான் என்பதே நாம் நூலில் படிக்கும் வரால் என்பதையும், அவர் புயு என்பதே நம் பனையேறிக் கெண்டை என்பதையும் மாணவன் அன்று அறிவான். செய்யுளில் செத்துக்கிடந்த சொல் அவன் கையில் துள்ளும். இதைவிடச் சிறந்த சொற்பொருள் விளக்கம் எந்த உரையாசிரியர் தருவார்?

வெந்நீர் ஆற்றுக்கென்று தனி ஒழுக்கம் ஒன்று உண்டு. அதைக் கற்பிப்பதே அறிவியல் பாடமாகும். நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் உயிர்வளி குறையும். 10 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 11 மில்லிகிராம் உயிர்வளியைக் கொள்ளும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே கொள்ளும். எனவே நம் ஆற்று மீன் தூண்டிலில் நெடுநேரம் போராடினால் மூச்சிழந்து சாகும். விடியற்காலையிலும் அந்தியிலும் மட்டுமே தூண்டில் போடுக. மீனை விரைந்து கரைசேர்க்க. கையை நனைத்த பின்னரே தொடுக. முள்ளற்ற கொக்கியைப் பயன்படுத்துக. விடுவதாயின் நீருக்குள் வைத்தே விடுக. இவை விளையாட்டு விதிகள் மட்டுமல்ல. உயிரின் தேவையை அறிந்து நடக்கும் பயிற்சி.

இங்கே நெஞ்சில் ஈரமுள்ள ஒருவர் என்னைத் தடுப்பார். "பிடித்துத் துன்புறுத்தி விட்டுவிடுவது அருளா? சூதிலே கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் இரும்பை விழுங்கிய மீனுக்கு ஒப்பிட்ட வள்ளுவர் வழியில் வந்தோர் செய்யத் தக்கதா இது?" என்பார். இக்கேள்விக்கு நான் தலை வணங்குகிறேன். தூண்டில் மீனை வருத்தாது என்று பொய் சொல்ல மாட்டேன். புலால் மறுத்தவர் கோலைத் தொட வேண்டியதில்லை; கரையில் அமர்ந்து பூச்சியையும் நீரோட்டத்தையும் பார்த்துக் குறிப்பெடுத்தாலே பாடத்தில் பாதி முடிந்தது. ஆனால் சந்தையில் மீன் வாங்கி உண்டுகொண்டே தூண்டிலைப் பழிப்பவரை நான் கேட்பேன்: ஆலைக் கழிவில் ஓராறு முழுவதும் மூச்சடைத்துச் செத்தபோது உங்கள் அருள் எங்கே உறங்கிற்று?

என் வாதத்தின் உயிர்நாடி இதுவே. நான் பிறந்த தோட்டத்தில் ஓர் ஓடை இருந்தது. சிறுவனாக இருந்தபோது, ஒரு ஞாயிறன்று பெரியவர் சிலர் தூபா வேரை நசுக்கி அதில் கலந்தனர். மீனின் மூச்சைப் பறிப்பது அவ்வேரின் நஞ்சு. பெரிய மீனெல்லாம் மிதந்தன. நாங்கள் கூடை கூடையாக அள்ளினோம். விரல் நீளக் குஞ்சுகளும் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. அவற்றை யாரும் அள்ளவில்லை. அன்றிரவு லயம் முழுவதும் குழம்பு மணத்தது. அதன்பின் பல மாதங்கள் அந்த ஓடையில் ஒரு கெண்டையும் இல்லை. நஞ்சையும் வெடியையும் மின்சாரத்தையும் கொண்டு மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் தடுக்கிறது. ஆனால் சட்டம் ஒவ்வோர் ஓடையின் கரையிலும் நிற்காது. அங்கே நிற்க வேண்டியவன் அவ்வூரில் பிறந்தவன்.

அதுபோலவே செம்பனை எண்ணெய் ஆலைகளின் கழிவைக் கட்டுப்படுத்த 1977இலும், ரப்பர் ஆலைகளின் கழிவைக் கட்டுப்படுத்த 1978இலும் விதிகள் பிறந்தன. அக்கழிவு நஞ்சாக இல்லாவிடினும், அழுகும்போது ஆற்றின் உயிர்வளியைக் குடித்துவிடும். மேலே சொன்ன ஏழரை மில்லிகிராமும் இல்லாமற்போகும். விதி இருந்தும் ஆறு கறுத்தால் முதலில் அறிபவன் யார்? பாலத்தின்மேல் மோட்டார் சைக்கிளில் விரைபவனா? இல்லை. வாரந்தோறும் அதே வளைவில் நின்று, எந்தக் கல்லின்கீழ் எந்தப் பூச்சி வாழ்கிறது, எந்த நிழலில் எந்த மீன் காத்திருக்கிறது என்று கண்டு வைத்திருப்பவனே அறிவான். அவனே எழுதிப் போடுவான். அவனே சாட்சி சொல்வான். மீனின் பெயர் தெரியாதவன் ஆற்றுக்காக வழக்காட மாட்டான்.

லிங்கி சிறிய வரலாறுடைய ஆறன்று. சுங்கை ஊஜோங்கின் ஈயம் அதன் வழியேதான் கடலுக்குச் சென்றது. அந்த ஆற்றுப் போக்குவரத்தையும் சுங்கத்தையும் பற்றிய பூசல்கள் 1874இல் ஆங்கிலேயர் அங்குத் தலையிடக் காரணங்களுள் ஒன்றாயின. அன்று அதன் நீருக்காகச் சண்டையிட்டனர். இன்று அதற்காகப் பேசவும் ஆளில்லை. ராசாவைச் சுற்றியிருந்த பால்மரக் காடுகள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தைவிட்டு வந்த நாம் ஓடையையும் விட்டு வந்தோம். நம் பிள்ளைகளுக்கு ஆறு என்பது வேலிக்கு அப்பால் உள்ள சாக்கடை.

"ஆறு ஆபத்தன்றோ?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. திடீர் வெள்ளம் உண்டு. எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் உண்டு. லிங்கியின் கீழ்ப்பகுதியில் முதலையும் உண்டு. அதனால்தான் பிள்ளைகள் ஒளிந்து தனியே போவதைவிட, அறிந்தவரோடு போவது நன்று என்கிறேன். முதல் மாதம் நீரருகே செல்லவே வேண்டாம். பள்ளித் திடலில், கொக்கிக்குப் பதில் கம்பளி நூல் துண்டைக் கட்டி வீசிப் பழகட்டும். இரண்டாம் மாதம் தாயின் தையற்பெட்டி நூலாலும் சேவல் இறகாலும் பூச்சி கட்டட்டும். அதன்பின் உரியவரிடம் இசைவு பெற்று, உலு பெண்டுல் போன்ற தெளிந்த மலையோடைக் கரைக்கு ஆசிரியரும் பெற்றோரும் அழைத்துச் செல்லட்டும். நகரத்து ஆற்றிலோ, பிடித்ததை உண்ணாமல், நீரின் நிறத்தையும் மீனின் பெயரையும் நாளேட்டில் குறித்துவரட்டும். ஓராண்டுக் குறிப்பேடு ஓர் ஆற்றின் நோய்ச்சீட்டாகும்.

ஆசிரியப் பெருமக்களே! முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று நாம் வகுப்பறையில் முழங்குகிறோம். நிலமும் நீரும் அறியாதவனுக்கு உரிப்பொருள் எங்ஙனம் விளங்கும்? நம் முன்னோர் மீனைப் பாடியது நூலில் படித்தன்று. நீரில் நின்று கண்டு பாடினர். நாமோ அவர்தம் நீரைப் புகழ்ந்துகொண்டே நம் நீரைக் கைவிட்டோம். அடுத்த முறை மருதத் திணையை நடத்துமுன், ஒரே ஒரு காலைப்பொழுது மாணவரை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு மூங்கில் கழியும் ஒரு சேவல் இறகும் போதும். அங்கே மீன் துள்ளினால் பாடம் நடத்துங்கள். துள்ளாவிட்டால், ஏன் துள்ளவில்லை என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள்.