சுற்றுலாவுக்கு அடுப்பு எதற்கு?



காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்கு மூடுகிற நமக்கு, வெளியூர் போய் வர ஆண்டுக்கு நாலைந்து நாள் கிடைத்தாலே பெரிது. மே 5 வணிகர் தினத்தன்று மாநாட்டுக்குப் போனாலும் மறுநாள் காலையில் கல்லாவில் இருக்கிறோம். ஆகவே காசி, ராமேஸ்வரம், குற்றாலம் என்று கடைக்காரர்கள் பத்துக் குடும்பமாகச் சேர்ந்து புறப்படுவதை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அப்படிப் புறப்படும்போது சமையல்காரரோடு சேர்த்து அடுப்பையும் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு போகிறோமே, அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் தேதி அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தருகே நடந்தது நினைவிருக்கும். உத்தரப் பிரதேசத்திலிருந்து கோயில் கோயிலாக வந்தவர்கள், தனியாக வாடகைக்கு எடுத்த பெட்டியில் தங்கியிருந்தார்கள். உள்ளே சட்டத்துக்குப் புறம்பாகக் கொண்டுவந்த சமையல் எரிவாயு சிலிண்டர் இருந்தது. காலை ஐந்தேகால் மணிவாக்கில் தீப்பிடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். ரயில் ஓடிக்கொண்டிருக்கவில்லை, மோதவும் இல்லை. நின்ற பெட்டியில், காலைத் தேநீர் வேளையில் போன உயிர்கள் அவை.

வடநாட்டுக்காரர்கள் செய்த தவறு என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 1994ஆம் ஆண்டு நாம் முப்பது பேர் காசிக்குப் போனபோது பம்ப் ஸ்டவ்வும் ஒரு டின் மண்ணெண்ணெயும் கொண்டு போனோம். ரயிலில் கதவோரம் வைத்துக் காப்பி போட்டார்கள். வண்டி குலுங்கிய ஒரு நொடியில் ஸ்டவ் சாய்ந்து ஆளுயரத்துக்குத் தீ எழுந்தது. "டின்னை எடுங்க அண்ணாச்சி, டின்னை எடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். அரிசிச் சாக்கு ஒன்றைக் கழிவறைத் தண்ணீரில் நனைத்துப் போட்டதால் தப்பித்தோம். இடது முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைவிட வெட்கம் என்னவென்றால், திரும்பி வரும்போதும் அதே ஸ்டவ்வில்தான் காப்பி போட்டோம்.

நமக்கு ஏன் பயம் வருவதில்லை? தீப்பெட்டிப் பண்டலும் கற்பூரமும் எண்ணெய் டின்னும் தினமும் நம் கையில் புழங்குகின்றன. பழகிய பொருளிடம் பயம் விட்டுப் போகிறது. கடையில் வாசல் திறந்திருக்கிறது, பக்கத்துக் கடைக்காரர் இருக்கிறார், ஓட இடம் இருக்கிறது. ரயில் பெட்டியில் இதெல்லாம் இல்லை. தவிரவும் இந்த எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு பரவி இருக்கைகளுக்கு அடியில் தேங்கி நிற்கும். ஜன்னலைத் திறந்து வைத்தோமே என்று நினைத்தால் பயனில்லை. வேன் வைத்துப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறோம். பின் சீட்டின் அடியில் சிலிண்டர், அதன் மேல் குழந்தைகள் உறங்குவதை நாமே பார்த்திருக்கிறோம்.

"ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, செலவும் கட்டாது" என்பார்கள். ஒத்துக்கொள்ளாது என்பது உண்மைதான். அதற்காக ரயிலில் உலை வைக்க வேண்டுமா? மளிகைக்கடைக்காரர்களாகிய நம்மிடம் இல்லாத பொருளா! புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அவல், பொரிகடலை, மிளகாய்ப் பொடி தடவிய இட்லி என்று இரண்டு நாள் தாராளமாக ஓட்டலாம். ரயிலில் இருக்கைக்கே உணவு வரவழைத்துக்கொள்ள இப்போது வசதி உண்டு. பிள்ளைகள் போனில் செய்து தருவார்கள். காசியிலும் ராமேஸ்வரத்திலும் நகரத்தார் சத்திரங்கள் இருக்கின்றன. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு இலை போட்டுச் சாப்பிடலாம்.

பெட்டிக்குள் சாமி படம் வைத்துக் கற்பூரம் ஏற்றுவதும், போனுக்கான பிளக்கில் மின்சாரக் கெட்டிலைச் சொருகுவதும் கூடாதவையே. தீப்பற்றும் பொருளை ரயிலில் கொண்டு போனால் ரயில்வே சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. கூட்டமாகப் போகும்போது வழக்கு, ஏற்பாடு செய்த சங்கப் பொறுப்பாளரின் தலையில்தான் விடியும்.

மற்ற முன்னேற்பாடுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பெட்டியில் அடியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கடையின் மெயின் சுவிட்சை அணைத்து, வீடு பூட்டியிருப்பதைக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அருவியில் காவலர் விசில் அடித்தால் "இன்னும் ஒரு நிமிஷம்" என்று நிற்கக் கூடாது. 2024ஆம் ஆண்டு மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போயிற்று.

அடுத்த சுற்றுலாவுக்குப் பெயர் சேர்க்கும் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரயிலிலும் வேனிலும் அடுப்பு கிடையாது என்பதைச் சமையல்காரருக்கு முன்பணம் கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். புறப்படும் இரவில் சொன்னால் அவர் தலையை ஆட்டுவார். ஆனால் சிலிண்டர் அதற்குள் சாக்கில் சுற்றப்பட்டு வண்டியில் ஏறியிருக்கும்.