பலகைக்கு எதிரே ஓர் ஆள்

பலகை விளையாட்டுகள் முதியோரின் நினைவாற்றலைக் காக்கும் என்னும் கருத்து இன்று உறுதிப்பட்ட உண்மைபோலச் சொல்லப்படுகிறது. ஆய்வுகள் அவ்வளவு உறுதி தரவில்லை. ஆனால் விளையாட்டை ஒதுக்கிவிடவும் அது காரணமாகாது.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2003-இல் வெளியானது. வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டோரிடையே மறதிநோய் குறைவாகக் காணப்பட்டது. பிரான்சில் 3,675 பேரை 20 ஆண்டுகள் கண்காணித்த ஆய்வு (2013), விளையாடுவோருக்கு அந்நோய் வரும் வாய்ப்பு 15 விழுக்காடு குறைவு என்றது. தொடக்கத்திலேயே இருந்த அறிதிறனையும் மனச்சோர்வையும் கணக்கில் கொண்டபோது அவ்வேறுபாடு புள்ளியியல் வலுவை இழந்தது. விளையாடியதால் மூளை நலமாக இருந்ததா, மூளை நலமாக இருந்ததால் விளையாட முடிந்ததா என்னும் கேள்வி இன்னும் தீரவில்லை.

தீராத கேள்வியின் நடுவே ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மறதிநோயில் மாற்றக்கூடிய காரணிகள் 14 என்று லான்செட் ஆணையம் 2024-இல் வகுத்தது. அவற்றுள் தனிமையும் மனச்சோர்வும் அடக்கம். கைப்பேசிச் செயலியோடு ஆடும் முதியவர் தனியாகவே இருக்கிறார். தாயம் உருட்டுபவருக்கோ எதிரே ஓர் ஆள் வேண்டும். பலகையின் பெரும்பயன் அந்த ஆளை வரவழைப்பதுதான்.

புனேயில் இதற்குத் தனிப்பொருள் உண்டு. ஓய்வூதியர்களின் சொர்க்கம் எனப் பெயர்பெற்ற நகரம் அது. இன்று ஹிஞ்சவடி போன்ற பகுதிகளில் பணிபுரியும் பிள்ளைகளோடு வந்து தங்கும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு மராத்தி தெரியாது. மாலைப்பொழுது பால்கனியிலேயே கழிகிறது. பேச்சுக்கு மொழி வேண்டும், ஆட்டத்துக்கு வேண்டியதில்லை. நம் பரமபதம் மராத்தியரின் மோட்சபட். புனேயை அடுத்த ஆளந்தியில் சமாதி கொண்ட ஞானேஸ்வரர் அதனை உருவாக்கினார் என்பது அவர்கள் மரபு. அவர்களது சாரிபாட் நம் தாயக்கட்டத்தின் உறவு. கேரம் பலகைக்கோ அறிமுகமே தேவையில்லை.

மாநகராட்சி முதியோருக்கென 'விரங்குளா' மையங்களை நடத்துகிறது. ஆயினும் மூட்டுவலியோடு சாலையைக் கடக்க இயலாதவருக்கு ஆட்டம் மின்தூக்கிக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும். உடற்பயிற்சிக் கூடமும் நீச்சல் குளமும் கட்டும் குடியிருப்புகள், சாய்மானமுள்ள நான்கு நாற்காலிகளையும் நல்ல வெளிச்சத்தையும் ஒரு மேசையையும் தருவது பெருஞ்செலவன்று.

குடும்பத்தாரின் கடமையும் உண்டு. பரமபதம் முழுக்கப் பகடையின் போக்கு. பல்லாங்குழி எண்ணிக்கை கேட்கிறது. ஆடுபுலி முன்யோசனை கேட்கிறது. அவரவர்க்கு எது இயலும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இரக்கப்பட்டுத் தோற்றுக்கொடுப்பது முதியவரைக் குழந்தையாக்குவதாகும். நெடுநாள் ஆடியவர் திடீரெனக் காய்களின் கணக்கைத் தவறவிட்டாலோ ஆட்டத்தையே வெறுத்தாலோ, வயதின் பிடிவாதம் என்று தள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அன்றாடம் எதிரே அமர்ந்து ஆடியவர்தான் அம்மாற்றத்தை முதலில் காண்பார்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயோடு வாழ்கின்றனர் என்பது தேசிய அளவிலான ஆய்வின் மதிப்பீடு. பலகை விளையாட்டு அவர்களுக்கு மருந்தாகாது. மருந்தென்று விற்பதும் பிழை. மருந்தன்று என்பதால் மேசையை மறுப்பதும் பிழை.