தக்கை இல்லாத போத்தலுக்கும் தக்கைக் கூலி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்த நம் முன்னோர் கொழும்பில் ஹோட்டல் மண்டபம் எடுத்துப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பழமொழி இன்னும் ஒரு வரி நீண்டிருக்கும்.

2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் என் தங்கையின் மகளுக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர். தேவாலயத்தில் திருமணம், மாலையில் ஹோட்டலில் வரவேற்பு உபசாரம். மணமக்களை வாழ்த்தி ஒரு கிண்ணம் வைன் உயர்த்துவது மாப்பிள்ளை வீட்டாரின் வழக்கம். தங்கையின் கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஓய்வூதியத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் மனிதர். அவர் ஹோட்டலின் விலைப்பட்டியலில் வைனின் விலையைப் பார்த்துவிட்டு, வெளியே வாங்கிக்கொண்டு போவோம் என்று தீர்மானித்தார். 24 போத்தல்கள் வாங்கப்பட்டன. மது அருந்தாத எங்கள் பக்கத்து உறவினருக்காக யாழ்ப்பாணத்திலிருந்து தோலகட்டி நெல்லி ரசம் 12 போத்தல்கள் வந்து சேர்ந்தன.

திருமணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்னர் ஹோட்டலிலிருந்து இரண்டு பக்கத் தாளொன்று வந்தது. வெளியிலிருந்து கொண்டுவரப்படும் ஒவ்வொரு வைன் போத்தலுக்கும் 2,500 ரூபா 'கோர்க்கேஜ்' அறவிடப்படும் என்று அதன் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தது. வாங்கிய விலையில் ஏறத்தாழ பாதி. மண்டபத்துக்கு முற்பணம் கட்டி அப்போது மூன்று மாதங்கள் கடந்துவிட்டன. முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது. அழைப்பிதழ்களில் ஹோட்டலின் பெயர் அச்சாகி, கடல் கடந்தும் போய்விட்டது.

"அண்ணை, நான் கையெழுத்து வைச்ச தாளிலை இதைப் பற்றி ஒண்டும் இல்லையே" என்று மைத்துனர் என்னிடம் வந்தார். வாங்கிப் பார்த்தேன். தாளின் அடியில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், 'ஹோட்டலின் ஏனைய நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஏனைய நிபந்தனைகள் எவை என்பதை அறிய அவர் 60 ஆயிரம் ரூபா கொடுக்க வேண்டியிருந்தது.

கோர்க்கேஜ் என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் எளிமையானது. போத்தலின் வாயை அடைத்திருக்கும் தக்கையைப் பிடுங்குவதற்கான கூலி. நாம் தக்கைக் கூலி என்று வைத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயரின் விடுதிகளில் இந்த வழக்கம் இருந்தது. விருந்தாளி தன் வீட்டு வைனைக் கொண்டுவந்தால், விடுதிப் பணியாளர் தக்கையைத் திறந்து, கிண்ணம் வைத்து, ஊற்றிக் கொடுத்து, பின்னர் கழுவியும் வைப்பார். அந்த உழைப்புக்கு ஒரு கூலி. இதில் நியாயம் இருக்கிறது. மறுப்பார் எவருமில்லை.

ஆனால் எங்கள் வைன் அவுஸ்திரேலிய வைன். அந்நாட்டின் கிளேர் பள்ளத்தாக்கு உற்பத்தியாளர்கள் 2000ஆம் ஆண்டளவில் தக்கையைக் கைவிட்டுத் திருகு மூடிக்கு மாறத் தொடங்கினார்கள். அந்நாட்டு வைன்களில் பெரும்பாலானவை இன்று திருகு மூடியுடனேயே வருகின்றன. எங்கள் 24 போத்தல்களில் ஒன்றிலேனும் தக்கை இருக்கவில்லை. நமது தென்னஞ்சாராயப் போத்தலிலும் தக்கை கிடையாது. அதற்கும் இதே பெயரில் அறவிடுகிறார்கள். தக்கை போன பின்னரும் கூலி போகவில்லை.

சொல்லைப் பிடித்துக்கொண்டு வழக்காடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அன்றிரவு நடந்ததைச் சொல்கிறேன். பின்வாசலில் காவலர் ஒருவர் எங்கள் பெட்டிகளைப் பிரித்து, போத்தல்களை எண்ணித் துண்டில் குறித்துக்கொண்டார். நெல்லி ரசத்தையும் எண்ணினார். அது மதுபானம் அன்று, நெல்லிக்காய்ச் சாறு என்று விளக்கினோம். முகாமையாளர் வந்தார். வெளியிலிருந்து வரும் எந்தப் பானமும் பானமே என்றார். நெல்லி ரசத்துக்குப் போத்தலுக்கு 1,000 ரூபா என்று அந்த இடத்திலேயே முடிவு செய்யப்பட்டது. மேலே மணமகள் வந்திறங்கிவிட்டாள். மைத்துனர் பேசாமல் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை நம்பித்தான் இந்த வியாபாரம் முழுவதும் நடக்கிறது என்பதை நான் அப்போது உணர்ந்தேன்.

விருந்து முடிந்தபோது 17 வைன் போத்தல்களே திறக்கப்பட்டிருந்தன. ஏழு போத்தல்கள் மூடி திறவாமல் மீண்டும் காரில் ஏறின. பற்றுச்சீட்டிலோ 24 போத்தல்களுக்கும் பணம் கேட்கப்பட்டிருந்தது. வைனுக்கு 60,000, நெல்லி ரசத்துக்கு 12,000, ஆக 72,000 ரூபா. அதன்மேல் பத்து வீதம் சேவைக் கட்டணம் 7,200 ரூபா. மொத்தம் 79,200. வரியை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது அரசாங்கத்துக்குப் போவது.

ஹோட்டல்காரர்களின் நியாயத்தையும் கேட்போம். உணவில் கிடைக்கும் இலாபம் சிறிது, மதுவில் கிடைப்பதே பெரிது. அதை நம்பித்தான் மண்டப வாடகையையும் சாப்பாட்டு விலையையும் குறைத்து வைத்திருக்கிறோம் என்பார்கள். மதுபான உரிமத்துக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிறோம் என்பார்கள். கிண்ணம் உடைகிறது, ஐஸ் கரைகிறது, சிப்பந்திக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பார்கள். கொழும்பில் மின்கட்டணம் என்னவென்று எனக்கும் தெரியும். இவை பொய்யான காரணங்கள் அல்ல.

ஆயினும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்றும் நிற்கவில்லை. ஐஸுக்கும் சோடாவுக்கும் எங்களிடம் தனியாகப் பணம் வாங்கப்பட்டது. சோடாவை வெளியிலிருந்து கொண்டுவரவே கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. கிண்ணம், மேசைவிரிப்பு, சிப்பந்தி எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று கட்டிய தொகைக்குள் அடக்கம் என்று அவர்களுடைய விளம்பரத் தாளே சொல்கிறது. உடைந்த கிண்ணங்கள் இரண்டுக்கும் தண்டம் கட்டினோம். அப்படியானால் போத்தலுக்கு 2,500 ரூபா எந்தச் சேவைக்கு? திறக்காத ஏழு போத்தல்களுக்கு என்ன சேவை நடந்தது? காவலர் எண்ணியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. தக்கைக் கூலி என்ற பெயரில் அறவிடப்படுவது கூலி அன்று. 'எங்களிடம் வாங்காமல் போனாயே' என்பதற்கான தண்டம் அது. பழைய காலத்தில் ஊருக்குள் பண்டம் வரும் வழியில் கயிறு கட்டி நின்று ஆயம் வாங்கினார்கள். அவர்களாவது அதை ஆயம் என்றே சொன்னார்கள்.

சேவைக் கட்டணத்தைப் பாருங்கள். தக்கைக் கூலி என்பதே சேவைக்கான கட்டணம் என்கிறார்கள். அந்தச் சேவைக் கட்டணத்தின் மீது மீண்டும் பத்து வீதம் சேவைக் கட்டணம். சேவைக்குச் சேவை செய்தது யார்?

எங்கள் மேசைகளுக்குப் பொறுப்பாக நின்றவர் ஹற்றன் பக்கத்து இளைஞர். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். நள்ளிரவு தாண்டி, கடைசிப் பேருந்தையும் தவறவிட்டுவிட்டு, காலிப் போத்தல்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். போத்தலுக்கு 2,500 ரூபா வாங்குகிறார்களே, தம்பி, உங்களுக்கு அதில் எவ்வளவு வரும் என்று கேட்டேன். "அதில எங்களுக்கு ஒரு சதமும் வராதுங்க ஐயா. எண்ணிக்கை பிழைச்சா மட்டும் எங்க சம்பளத்தில வெட்டுவாங்க" என்றார். மூடியைத் திறந்தவர் அவர், ஊற்றியவர் அவர், கிண்ணத்தைக் கழுவியவர் அவர். கூலி மட்டும் அவருக்கு இல்லை.

வெளிநாடுகளில் இந்தக் கட்டணம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்தில், முழுமையான மதுபான உரிமம் இல்லாத சிறு உணவகங்களுக்கு விருந்தினர் தமது வைனைக் கொண்டுசெல்லும் பழக்கம் 1960களிலிருந்து வேரூன்றி வளர்ந்தது. மெல்பேர்ணில் வாழும் நம்மவர்கள் அதை நன்கு அறிவார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2005இல், உரிமம் பெற்ற உணவகங்களுக்கும் விருந்தினர் தமது வைனுடன் வரலாம் என்று வழி திறந்தது. விரும்பிய உணவகம் சேரலாம், கட்டணத்தைத் தானே வைக்கலாம். அமெரிக்காவில், உணவகத்தின் பட்டியலிலிருந்து ஒரு போத்தல் வாங்கினால் கொண்டுவந்த ஒன்றின் கட்டணத்தை விட்டுக்கொடுக்கும் உணவகங்கள் பல உண்டு. அங்கெல்லாம் நாற்காலியில் அமர்வதற்கு முன் கட்டணத்தைக் கேட்டு அறிந்துகொள்ளலாம். பிடிக்காவிட்டால் எழுந்து அடுத்த கடைக்குப் போகலாம். முந்நூறு அழைப்பிதழ்களை அனுப்பிவிட்டவன் எழுந்து எங்கே போவான்?

சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர் இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரித் தீர்ப்பொன்றை எனக்கு நினைவூட்டினார். திரையரங்குக்குள் வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு என்பது அத்தீர்ப்பு. அது தனியார் சொத்து, நிபந்தனை விதிப்பது உரிமையாளரின் விருப்பம், ஏற்பதும் விடுவதும் பார்வையாளரின் விருப்பம். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அதே நீதிமன்றம் குடிநீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னது. சொத்துரிமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதே அதன் பொருள். மேலும், ஏற்பதும் விடுவதும் நம் விருப்பம் என்றால், விடக்கூடிய நேரத்தில் நமக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா? பணத்தை வாங்கி மூன்று மாதங்கள் கழித்து நீட்டப்படும் தாளில் விருப்பத்துக்கு இடமேது?

நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. வியாபாரி நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் விதமாக நடக்கக் கூடாது என்று அது சொல்கிறது. அரிசிக் கடைக்காரரின் விலைப்பட்டியலைத் தேடிப் போகும் அதிகாரிகள், ஹோட்டல் மண்டபத்தின் இரண்டாம் பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

இனி என் சொந்தத் தொழிலைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன். பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் செய்தி ஆசிரியர் குழுவில் இருந்த காலத்தில், இதே முறைப்பாட்டுடன் ஒரு தந்தையின் கடிதம் வந்தது. அழகான கையெழுத்து, பற்றுச்சீட்டின் பிரதியும் இணைக்கப்பட்டிருந்தது. பிரசுரிக்கலாம் என்று குறிப்பெழுதி அனுப்பினேன். மாலையில் விளம்பரப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது. திருமண இணைப்பிதழ் வெளிவரவிருந்த வாரம் அது. அந்த இணைப்பிதழே ஹோட்டல் விளம்பரங்களால் ஆனது. கடிதம் மேசை இழுப்பறைக்குள் போயிற்று. நான் வாதாடவில்லை. அந்த வாரமே ஒரு ஹோட்டலின் பத்திரிகையாளர் விருந்தில், தக்கைக் கூலி கேட்கப்படாத கிண்ணமொன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் மைத்துனரின் பற்றுச்சீட்டைப் பார்த்தபோது அந்தக் கையெழுத்துத்தான் கண்முன் வந்தது.

குடிக்காமல் இருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று சில வாசகர்கள் எழுதுவார்கள். நானும் மதுவைத் தொட்டுப் பல ஆண்டுகளாகின்றன. நெல்லி ரசத்துக்கு 1,000 ரூபா கேட்டவர்களுக்கு அந்த அறிவுரையைச் சொல்லுங்கள். இன்று போத்தல், நாளை பிறந்தநாள் கேக், மறுநாள் மணவறை அலங்காரம். வெளியிலிருந்து வருவது எல்லாவற்றுக்கும் விலை வைப்பவர்கள் இப்போதே இருக்கிறார்கள்.

கட்டணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. முற்பணம் வாங்கும் அதே தாளில், சாப்பாட்டு விலை அச்சான அதே அளவு எழுத்தில், அதை எழுதுங்கள். திறந்த போத்தலுக்கு மட்டும் வாங்குங்கள். மது அல்லாத பானத்தை விட்டுவிடுங்கள். வாங்கிய கூலியில் ஒரு பங்கை மூடியைத் திறந்த கைக்குக் கொடுங்கள். கொடுக்க மனமில்லையென்றால் அதன் மீது சேவைக் கட்டணம் போடும் துணிச்சலையாவது கைவிடுங்கள்.

மண்டபம் தேடும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. முற்பணக் காசோலையில் கையொப்பமிடுவதற்கு முன் 'ஏனைய நிபந்தனைகள்' தாளைக் கேட்டு வாங்குங்கள். அது பிறகு வரும் என்று சொன்னால், காசோலையும் பிறகு வரும் என்று சொல்லுங்கள். மணமகள் வந்திறங்கிய பின்னர் எந்தத் தகப்பனாலும் பேரம் பேச முடியாது.

திறக்காத அந்த ஏழு போத்தல்களில் ஒன்றை மைத்துனர் எனக்குக் கொடுத்தார். 2,500 ரூபா கூலி கட்டிய போத்தல் என் புத்தக அலுமாரியில் இன்னும் திறக்கப்படாமலே இருக்கிறது.