பன்றிக்குக் காவல் காக்க எடை குறைந்த ரைபிள் வாங்கலாமா?

கேள்வி: "மானாவாரியில் ஐந்து ஏக்கர் மக்காச்சோளம். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கி, ஒரே ராத்திரியில் அரை ஏக்கரைச் சாய்த்துவிட்டன. கப்பலில் வேலை பார்க்கும் மகன், நியூசிலாந்தில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மூன்று கிலோ கூட இல்லாத போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் வைத்திருக்கிறார்கள் என்கிறான். அப்படி ஒன்று இங்கே வாங்க முடியுமா? எந்த ரகம் நல்லது?"
– வாசகர், விளாத்திகுளம் வட்டம்

பதில்: மகன் சொன்னது உண்மைதான். போல்ட் ஆக்‌ஷன் என்பது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி. பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாக்கூடு வெளியே விழும். முன்னால் தள்ளி மடக்கினால் அடுத்த தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். பாகங்கள் குறைவு, கோளாறும் குறைவு. தொலைநோக்கியோடு சேர்த்தால் சாதாரண ரைபிள் நான்கு கிலோவைத் தொடும். இலகு ரகம் இரண்டரை, மூன்று கிலோவில் முடிந்துவிடும்.

அந்த ஒரு கிலோ யாருக்கு முக்கியம் என்பதைப் பார்க்க வேண்டும். நியூசிலாந்தில் மான் என்பதே வெளியிலிருந்து கொண்டுபோய் விட்ட பிராணி. அங்கே அது காட்டை அழிக்கும் பீடை என்பதால் வேட்டைக்கு அனுமதி உண்டு. வேட்டைக்காரர் கூடாரம், சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில் சுமந்து இரண்டு மூன்று நாள் மலையேறுகிறார். நாள் முழுக்க நடந்து ஒரு தடவை சுடுகிறவருக்கு இலகு ரகம் வசதி. அதற்கும் விலை உண்டு. எடை குறையக் குறைய தோளில் உதைப்பது கூடும், கையில் ஆடாமல் நிற்காது. மெல்லிய குழல் நாலைந்து தடவை சுட்டதுமே சூடேறிவிடும். காவல் குடிசையில் உட்கார்ந்து, ராத்திரி பத்துப் பன்னிரண்டு பன்றிகளை எதிர்பார்க்கும் விவசாயிக்கு இதில் ஒரு லாபமும் இல்லை.

ரகத்தை விட நிலம் முக்கியம். மலையில் சுடும்போது குண்டை வாங்கிக்கொள்ள எதிரே சரிவு இருக்கும். விளாத்திகுளம், புதூர் கரிசலில் கண்மாய்க்கரையை விட்டால் மேடு ஏது? குறி தப்பிய ரைபிள் குண்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் போகும். பன்றியைத் துளைத்துக்கொண்டும் போகும். அறுவடை முடிந்த பக்கத்துப் புஞ்சையில் கிடை போட்டு, ஆட்டுக்கு நடுவில் கீதாரி படுத்திருப்பார். இருட்டில் அவர் இருப்பது சுடுகிறவருக்குத் தெரியாது.

சட்டமும் இதே கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13வது பிரிவு, பயிர்க் காவலுக்கு என்று சொல்வது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரிக்குத் தோன்றினால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத தோட்டாத் துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். ரைபிளின் குழலில் வரிப்பள்ளம் உண்டு. குண்டைச் சுழற்றித் தூரம் அனுப்புவதே அதுதான். ஆகவே பயிர்க் காவல் என்று காரணம் எழுதி ரைபிள் கேட்பது வீண் மனு. நம் நாட்டிலும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் செய்கிறார்கள். இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையின் .315 ரகம் பேர் பெற்றது. அதுவும் பயிர்க் காவலுக்கான ஆயுதம் அல்ல.

மகன் வாங்கி வருவது பற்றியும் சொல்ல வேண்டும். இறக்குமதிக்குத் தனி உரிமம் வேண்டும். அது இல்லாமல் மூட்டையில் துப்பாக்கியோடு தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கினால் பறிமுதல், வழக்கு, கப்பல் வேலைக்கே உலை. அந்த எண்ணத்தை இன்றைக்கே விட்டுவிடச் சொல்லுங்கள்.

நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்பதானால் மனு மாவட்ட ஆட்சியருக்குப் போகும். காவல் துறை விசாரிக்கும், பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிக்குச் சான்று கேட்பார்கள். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள், விளைச்சல் நேரமானாலும் சரி. இத்தனையும் முடிந்து கையில் வந்தாலும், அது பன்றியைச் சுடும் அனுமதி ஆகாது. உரிமம் வேறு, வேட்டை அனுமதி வேறு. பலர் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றியும் புள்ளிமானும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. பயிரை அழித்தால் கொல்ல அனுமதி தரும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும் அவர் அதிகாரம் கொடுத்தவருக்கும் மட்டுமே. கொன்ற பிராணி அரசின் சொத்து. கறியைப் பங்கு போட்டாலும் வழக்கு வரும். வல்லநாட்டு வெளிமானும் மயிலும் முதல் அட்டவணை. பயிர்ச் சேதம் என்று சொல்லி அவற்றைத் தொட வழியே இல்லை. குறைந்தது மூன்று ஆண்டு சிறை. உரிமம் தேவைப்படாத ஏர்கன்னால் மயிலைச் சுட்டாலும் குற்றம் குற்றம்தான்.

கேரளத்தில் சுடுகிறார்களே என்பார்கள். அங்கே 2022இல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே அனுமதி தரும் அதிகாரம் கொடுத்து, உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்களை அழைக்கிறார்கள். தமிழ்நாட்டு முறை வேறு. 2025 ஜனவரியில் வந்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிக்கவும் சுடவும் கூடாது. ஒன்று முதல் மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் சுடலாம். விவசாயி சுட முடியாது.

இதில் கரிசல்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் பக்கத்தில் புஞ்சையையே 'காடு' என்போம். உத்தரவு சொல்லும் காடு அதுவல்ல, அறிவிக்கப்பட்ட காப்புக்காடு. பகலில் பன்றி பதுங்கும் கண்மாய்ச் சீமைக்கருவேலம் எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் கணக்கில் சேராது. காப்புக்காடு குறைவான மாவட்டம் இது. கோவில்பட்டி குருமலை அடிவாரம், வல்லநாடு போன்ற இடங்களை ஒட்டியவர்களுக்குத்தான் தூரம் இடிக்கும். விளாத்திகுளம் பக்கம் பல ஊர்கள் மூன்று கிலோமீட்டருக்கு வெளியே வரும். உங்கள் ஊர் எங்கே வருகிறது என்பதை வனச்சரக அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். மூன்றுக்கு வெளியே என்றால், துப்பாக்கிக் கடையில் போட இருந்த பணமும் அலைச்சலும் மிச்சம்.

தனி ஆளாக மனுக் கொடுத்தால் ஒரு பக்கம் கிடக்கும். சேதம் கண்ட எல்லாரும் சேர்ந்து கையெழுத்திட்டு, அடங்கல் நகல், மிதிபட்ட பயிரின் தேதியிட்ட படம், காலடித் தடத்தின் படம், வந்த நாளும் நேரமும் எழுதிய தாள் ஆகியவற்றை இணைத்துக் கொடுங்கள். ஊர் அளவில் பரிந்துரைப்பதில் கிராம நிர்வாக அலுவலருக்கும் பஞ்சாயத்துக்கும் வனவருக்கும் பங்கு உண்டு. மூவருக்கும் நகல் போகட்டும். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்கவும் இதே தாள்கள்தான் வேண்டும். கோரம்பள்ளம் ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் நாளில் எழுந்து கேட்கும்போது மனு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

அதுவரை பயிருக்குக் காவல்? மின்கம்பத்திலிருந்து நேரே கம்பி இழுப்பது வேண்டவே வேண்டாம். விடிகாலை புஞ்சைக்குப் போகும் ஆளைக் கொல்வது அதுதான். அவுட்டுக்காயும் அப்படியே. ஆடும் நாயும் கடித்து வாய் சிதறும், குழந்தை எடுத்தால் கை போகும். பழைய சேலை கட்டுவது சில நாளைக்குப் பலிக்கும், பிறகு பன்றி பழகிவிடும். சூரிய மின்வேலி நல்லது. அதற்கும் 2023 முதல் விதி உண்டு, பதிவு செய்ய வேண்டும். பன்றிக்கு முதல் கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓட வேண்டும். மழைக்குப் பிறகு புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்துடிப்பு இறங்கிப்போகும், வேலி இருந்தும் இல்லாத மாதிரி. மானியம் இந்த ஆண்டு எவ்வளவு என்பதை வேளாண் பொறியியல் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த புரட்டாசி விதைப்பில் மக்காச்சோளத்தைச் சுற்றி மூன்று நான்கு வரிசை ஆமணக்கை நெருக்கி ஊன்றுங்கள். அதன் வாடை கதிரின் வாசனையை மறைக்கும், பன்றியும் அதைத் தின்னாது. சோளத்துக்குப் பத்து நாள் முன்பே ஊன்றினால்தான் கதிர் பிடிக்கும்போது ஆமணக்கு ஆள் உயரம் நிற்கும். பக்கத்துக் கண்மாய்க் கருவேலத்தை முறைப்படி அனுமதி வாங்கி விதைப்புக்கு முன்னால் வெட்டிவிட முடிந்தால், பன்றி பகலில் தங்க வேறு இடம் தேடிப் போகும்.