சாலை எல்லை தாண்டுகிறது, கூலி தாண்டுகிறதா?



மண்ணூர்பேட்டையில் இரவும் பகலும் லாரிகள் ஓய்வதில்லை. இந்தத் திருவள்ளூர் நெடுஞ்சாலைதான் திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா வழியாக ஆந்திராவுக்குள் போகிறது. "சாலை வந்தால் வளம் வரும்" என்கிறார்கள் சர்க்காரும் முதலாளிகளும். வருகிறது; மறுக்கவில்லை. சாலையும் ரயிலும் இல்லாமல் 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்திருக்குமா? நம் கேள்வி வேறு: வந்த வளம் யார் வீட்டுக்குப் போகிறது?

முன்பு மாநில எல்லையில் வணிகவரிச் சாவடிகளில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தச் சாவடிகள் எடுபட்டன. சரக்குக்கு எல்லை போயிற்று. கூலிக்குப் போயிற்றா? குறைந்தபட்சக் கூலியை ஒவ்வொரு மாநில சர்க்காரும் இன்றும் தனித்தனியாகவே நிர்ணயிக்கிறது. முதலாளியின் சூட்சுமம் இங்கேதான்!

சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டரில், தடா அருகே ஸ்ரீசிட்டி இருக்கிறது. நிலம் ஆந்திராவில், பக்கத்துத் துறைமுகங்கள் சென்னையிலும் எண்ணூரிலும். நல்ல சாலை இருக்கும்போது ஆலையை எந்தப் பக்கம் வைத்தால் என்ன? சலுகை அதிகம் தரும் பக்கம் வைக்கலாம். இங்கே கூலி உயர்வு கேட்டால் "அங்கே போய்விடுவோம்" என்று மிரட்டலாம். அங்கே கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டலாம். தமிழ்த் தொழிலாளியும் தெலுங்குத் தொழிலாளியும் தனித்தனியே நிற்கும்வரை இந்த வித்தை பலிக்கும்.

விவசாயத் தொழிலாளியின் கதி என்ன? கர்நாடகம், ஆந்திரா, தமிழ்நாடு மூன்றையும் கடந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வரும் பெங்களூர் விரைவுச்சாலை சுமார் 262 கிலோமீட்டர். 2022 மே மாதம் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். இப்படிப்பட்ட சாலைக்கு வயல் போனால் பட்டாதாருக்கு நஷ்டஈடு உண்டு. அந்த வயலில் நாற்று நட்டவளுக்கு?

அவளுக்கும் உரிமை உண்டு! சொந்த நிலம் இல்லாவிட்டாலும், மூன்று வருஷம் அங்கே உழைத்து, அதையே பிரதான ஜீவனமாகக் கொண்டு, அதை இழக்கும் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமே என்கிறது 2013-ம் வருஷ நிலம் கையகப்படுத்தும் சட்டம். வேலை, அல்லது ஒரே தடவையாக 5 லட்சம் ரூபாய், அல்லது 20 வருஷம் மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை: இவற்றில் ஒன்று என்று அதன் அட்டவணை கூறுகிறது. 2015 முதல் தேசிய நெடுஞ்சாலை நிலங்களுக்கும் இது பொருந்தும். ஆனால் பட்டியலில் பெயர் ஏறாதவருக்குச் சட்டம் வெறும் காகிதமே.

ஆகவே, நிலம் அளக்க வரும் அன்றே கிராமத்துக் கூலிக்காரர் அனைவரின் பெயரையும் எழுதி, ஒன்றுகூடிப் போய்த் தாசில்தாரிடம் கொடுங்கள். ஆலைச் சங்கங்கள் எல்லைக்கு அப்பாலுள்ள சங்கங்களுடன் பேசி, ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற கோரிக்கையை இரு பக்கமும் ஒரே நாளில் வைக்கட்டும். முதலாளியின் லாரி போகும் அதே சாலையில் நம் ஒற்றுமையும் எல்லை தாண்டட்டும்!