"இனி உதவாது, ஸார்!"

வைத்தியர் கையை விரித்தால், இன்னொரு வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். காமிரா ரிப்பேர்க்காரர் கையை விரித்தாலோ, மறுபேச்சின்றிப் புதுக் காமிராவுக்குப் பணம் எண்ணத் தொடங்கிவிடுகிறோம். இது என்ன நியாயம் என்று நேயர்கள் சற்று யோசிக்க வேண்டும்.

புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்திலுள்ள நமது பிள்ளைச்சாவடியில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. கல்யாண ஜோடிகளை மணலில் நிறுத்திப் படம் பிடிக்கும் இளைஞர்களுக்குக் காமிராதான் ஏரும் மாடும். ஓர் அலை எகிறி அதன்மேல் விழுந்துவிட்டால், அந்த மாதத்துச் சோற்றுக்கே ஆபத்து. "ரிப்பேர் செலவில் புதிதே வாங்கலாம், ஸார்!" என்று கடைக்காரர் சொன்னால் நம்புவதா, வேண்டாமா?

நம்பவேண்டிய சமயமும் உண்டு. உப்பு நீர் புகுந்த காமிராவில் மின்சாரம் ஓடினால், உள்ளேயிருக்கும் செப்புத் தடங்கள் வெகு சீக்கிரம் அரித்துப் போகின்றன. ஒரு பாகத்தை மாற்றினால், அடுத்த மாதம் வேறொன்று படுத்துக்கொள்ளும். லென்ஸில் படர்ந்த பூஞ்சணத்தை ஆரம்பத்தில் துடைத்துவிடலாம். கண்ணாடியின் மேற்பூச்சையே அது தின்றுவிட்டால் துடைத்துப் பயனில்லை. இவற்றை எடுத்துச் சொல்லி, வருகிற கூலியையும் வேண்டாமென்று திருப்பி அனுப்புகிறவர் யோக்கியர். அவருடைய 'முடியாது' என்ற சொல்லுக்கு மதிப்பு அதிகம். அதனால் நஷ்டம் அவருக்கே அல்லவா?

ஆனால், அதே கடையின் கண்ணாடி அலமாரியில் புதுக் காமிராக்கள் வரிசையாய் வீற்றிருந்தால்? 'உதவாது' என்ற பழையதை அவரே ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்துக்கொள்ள முன்வந்தால்? உதவாத பொருளின்மேல் இவ்வளவு வாஞ்சை எதற்கு?

சில சமயம் கடைக்காரர் பேரில் குற்றமே இராது. கம்பெனிகள் உதிரி பாகங்களை வெளிக்கடைகளுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்வதும் உண்டு. மோட்டார் கார் விஷயத்தில் இத்தகைய காரியத்துக்காக 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கம்பெனிகளுக்கு அபராதம் விதித்தது. 2022 டிசம்பரில் மத்திய சர்க்கார் 'பழுது பார்க்கும் உரிமை'க்கென்றே ஓர் இணையத் தளத்தைத் தொடங்கியது. 1954 வரையில் புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸ் தேசத்திலோ, 2021 ஜனவரியில் கைப்பேசி, மடிக்கணினி முதலிய ஐந்து வகைச் சாமான்களுக்கு ஒரு விதி வந்தது. ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை மார்க் என்று விற்கும் இடத்திலேயே காட்டவேண்டும் என்றது அந்த விதி! பரீட்சைத் தாள் திருத்தியே காலம் கழிக்கும் நமக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. அந்த ஜாபிதாவில் காமிரா இடம்பெறாததுதான் குறை.

ஆகவே, வாய்ச்சொல்லோடு திருப்தியடையாதீர்கள். எந்தப் பாகம் கெட்டது, அதன் விலை என்ன, கூலி என்ன என்று எழுதி வாங்குங்கள். பிரித்த காமிராவைக் கண்முன் காட்டச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தாளைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, புதுச் சாமான் விற்காத வேறொரு ரிப்பேர்க்காரரிடம் போங்கள். இருவர் கணக்கும் ஒத்திருந்தால் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்.

நனைந்த காமிராவை ஓட்டிப் பார்க்காமல், உடனே பாட்டரியைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயிருக்கும் மெமரி கார்டையும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். காமிரா மாண்டாலும் கார்டு பிழைத்திருக்கக்கூடும். யாரோ ஒரு பெண்ணின் கல்யாணம் அதற்குள் இருக்கிறது; அதைக் கடைக்காரர் புதிதாய் விற்க முடியாது.