ஸ்கேன் பார்த்துச் சொல்வது மறைவான ஞானமா?



கணையப் புற்றுநோயாளி ஒருவரின் சி.டி. ஸ்கேனைப் பார்த்து, அவர் ஏறக்குறைய எவ்வளவு காலம் வாழக்கூடும் என மருத்துவர் கூறினால், நம்மில் சிலர் சினமுறுகின்றனர். அஜலை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே, நாள் குறிக்க இவர் யார் என்கின்றனர். அத்துடன் நில்லாது, அறிக்கையை நோயாளியிடமிருந்தே மறைத்துவிடுகின்றனர். இதற்கு ஈமான் எனப் பெயரிடுவதை ஏற்க இயலாது.

மரணத்தைப் பற்றிய அறிவு அல்லாஹ்விடமே உள்ளது என்பதற்கு லுக்மான் அத்தியாயத்தின் இறுதி வசனமே சான்று. அதில் நமக்குள் கருத்து வேறுபாடில்லை. ஆனால் மருத்துவர் சொல்வது மறைவானதையா? கட்டி குடலுக்குச் செல்லும் பெரிய இரத்தக்குழாயைச் சுற்றி வளைத்துள்ளதா, கல்லீரலுக்குப் பரவியுள்ளதா, உடலின் தசை எவ்வளவு கரைந்துள்ளது என்பவற்றைப் படத்தில் கண்டு, இதே நிலையிலிருந்த முந்தைய நோயாளிகளோடு ஒப்பிட்டுச் சொல்கிறார். கண்ட அடையாளத்தைக் கொண்டு செய்யும் அனுமானம் அது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் அண்மைக் கணக்கில், இந்நோயாளிகள் 100 பேரில் சுமார் 13 பேர் ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர். அவர்களுள் இவர் ஒருவரா என்பதை எந்தப் படமும் அறுதியிட்டுச் சொல்லாது. நுண்ணிய பரவல் படத்தில் தென்படாமல் போவதுண்டு. கீமோ சிகிச்சைக்குப் பின் எஞ்சியிருப்பது தழும்பா, உயிருள்ள கட்டியா எனப் பிரித்தறிய முடியாமற் போவதும் உண்டு. ஆகவே, நாளையே குறித்துக் கொடுக்கும் மருத்துவர் இருந்தால் அவரும் எல்லை மீறியவரே.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் குத்தப்பட்டபோது, அருந்தக் கொடுத்த பால் காயத்தின் வழியே வெளியேறியது. அதைக் கண்ட மருத்துவர் வஸிய்யத் செய்துகொள்ளுமாறு கூறினார். மறைவானதை அறிந்தவனோ நீ என்று உமர் (ரலி) அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தம் மகனிடம் கடனைக் கணக்கிடச் சொன்னார்கள். அது ஏறத்தாழ 86,000 இருந்தது. அதை அடைக்கும் வழியையும் கூறினார்கள். அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஆறு தோழர்களிடம் விட்டார்கள்.

அந்த அறுவருள் ஒருவர் ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி). இறுதி ஹஜ்ஜின்போது மக்காவில் கடுமையாக நோயுற்று, இறந்துவிடுவோம் என அஞ்சி, வஸிய்யத் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டவர் அவர். மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பை நபி (ஸல்) அவர்கள் அப்போதுதான் அவருக்கு விளக்கினார்கள். அதன் பின்னரும் அவர் பல்லாண்டுகள் வாழ்ந்தார். அவரது அனுமானம் தவறியது, ஆயத்தம் வீணாகவில்லை.

எங்கள் ஊரில் ஒரு பெரியவரிடம், வெறும் வயிற்றுப்புண் என்றே இறுதிவரை சொல்லிவந்தனர். ஜனாஸா முடிந்த அதே வாரத்தில் கடன் கொடுத்தவர்கள் வாசலுக்கு வந்தனர். யாருக்கு எவ்வளவு என்பது பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. தெரிந்தவரோ மண்ணறையில் இருந்தார். அவருடைய ஈமானையா நாம் காத்தோம்? கடனைத் தீர்க்கவும், பிணங்கியவர்களிடம் மன்னிப்புக் கேட்கவும் அவருக்கிருந்த அவகாசத்தையல்லவா பறித்துவிட்டோம்!

அறிய விரும்பாத நோயாளியை வற்புறுத்த வேண்டாம். கேட்பவரிடம் பொய் சொல்லாதீர்கள். மென்மையாக, சிறிது சிறிதாக எடுத்துரையுங்கள். சிகிச்சையும் துஆவும் தொடரட்டும். அந்த அறிக்கை நோயாளிக்குரிய அமானிதம். அதை அவரிடமே ஒப்படையுங்கள்.

அல்லாஹ் நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.